நம் கோவில் கிளாரினெட்டின் வயது என்ன?

நம் பங்கு தனிப் பங்காக உயர்த்தப்பட்ட நூறாம் ஆண்டை ஒட்டி, கோவிலிலுள்ள பழம்பொருள்களை ஓரிடத்தில் வைத்துக் காட்ட வேண்டுமென்று மலர்க் குழுவினராகிய நாங்கள் தீர்மானித்தபோது, முதலில் எங்கள் கைக்கு வந்தது வாத்தியப் பெட்டியே. பூசை உடுப்பு அறையின் மர அலமாரியில், அடித்தட்டில், கிழிந்த பீடத்துணி ஒன்றில் சுற்றியபடி அது இருந்தது. திறந்தால் ஒரு கிளாரினெட். ஐந்து துண்டுகளாகக் கழற்றி வைத்திருந்தார்கள். கூடவே ஓர் அட்டை. அதில் அழகான பழைய கையெழுத்தில், "நமது கோவிலைக் கட்டிய பிரெஞ்சு சாமியார் 1860களில் கப்பலில் கொண்டு வந்த கருங்காலி மர வாத்தியம்" என்று எழுதியிருந்தது.

இந்தச் செய்தி நமக்குப் புதிதல்ல. பொன்விழா மலரிலும் இதே வாசகம் அச்சாகியிருக்கிறது. மதுரை மிஷனில் பிரெஞ்சு தேசத்துச் சேசு சபைக் குருக்கள் 1838 முதல் உழைத்தார்கள் என்பதும், நம் பகுதிக் கோவில்கள் பல அவர்கள் காலத்தில் எழும்பியவை என்பதும் நாம் அறிந்ததே. ஆகவே அந்த வாசகத்தை அப்படியே இம்மலரிலும் போட்டுவிடுவது என்றுதான் இருந்தோம். அச்சகத்துக்குக் கொடுக்கவும் எழுதியாயிற்று.

அப்போதுதான் நம் பேண்டுக் குழுவில் டிரம்பெட் வாசிக்கும் பையன் ஒருவன் மேல் துண்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், இதில் லண்டன் என்று போட்டிருக்கே. பிரெஞ்சு சாமியார் லண்டன் வாத்தியமா வாங்கி வருவார்?" என்று கேட்டான். எங்களிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியின் பின்னால் போனதன் பலனே இக்கட்டுரை.

கிளாரினெட் என்பது குழல்களில் வயதில் இளையது. ஜெர்மனியின் நூரன்பர்க் நகரில் யோஹான் கிறிஸ்டோப் டென்னர் என்ற கருவி செய்பவர் 1700ஐ ஒட்டி இதை உருவாக்கினார் என்பர். தொடக்கத்தில் இரண்டே கீகள். மோட்சார்ட் காலத்தில் பெரும்பாலும் ஐந்து. 1812இல் இவான் முல்லர் என்பவர் பதின்மூன்று கீ வைத்த கருவியைப் பாரிஸ் இசைக் கல்லூரியின் முன் வைத்தார். கல்லூரி அதை ஏற்கவில்லை, வாசிப்பவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். பிறகு குளோஸே என்ற ஆசிரியரும் பூஃபே என்ற தொழிலாளரும் சேர்ந்து, 1839 அளவில் புதிய கீ அமைப்பொன்றைச் செய்து 1844இல் அதற்குக் காப்புரிமை பெற்றார்கள். இன்று கடையில் வாங்கும் கிளாரினெட்டில் பெரும்பாலும் இருப்பது இந்த அமைப்பே. போஹம் முறை என்று பெயர். பதினேழு கீ, ஆறு வளையம். பழைய பதின்மூன்று கீ முறையோ, பிரஸ்ஸல்ஸ் நகர ஆல்பர்ட் என்பவரால் திருத்தப்பெற்று, ஆல்பர்ட் முறை அல்லது எளிய முறை என்ற பெயரோடு தொடர்ந்தது.

நம் வாத்தியத்தில் எண்ணிப் பார்த்தோம். பதின்மூன்று கீ. கீழ்த் துண்டில் இரண்டு வளையம். வலது கைச் சுண்டுவிரலுக்கு இரண்டே கீ, அவற்றின் நடுவே விரல் வழுக்கிச் செல்லச் சிறு உருளைகள். போஹம் முறையாயிருந்தால் அந்த இடத்தில் நான்கு கீ இருக்கும். ஆக, இது எளிய முறைக் கருவி என்பதில் ஐயமில்லை.

இதைக் கண்டவுடன் எங்களில் சிலர், "பார்த்தீர்களா, 1844க்கு முந்தியது" என்று மகிழ்ந்தார்கள். பழைய கிளாரினெட்டின் வயதைச் சொல்லப் புகுவோர் எல்லாரும் முதலில் விழும் குழி இதுதான். புதிய முறை வந்தவுடன் பழையது மறைந்துவிடவில்லை. விலை குறைவு, பழுது பார்ப்பது எளிது, பழகிய விரல் என்ற காரணங்களால் இருபதாம் நூற்றாண்டிலும் பல ஆண்டுகள் எளிய முறைக் கருவிகளைச் செய்து விற்றுக்கொண்டுதான் இருந்தார்கள். நம் தமிழ்நாட்டிலோ அதற்கு இன்னும் மதிப்பு உண்டு. திறந்த துளைமேல் விரலை இழைத்துக் கமகம் எடுக்க இதுவே வசதி என்று நம் இசைவாணர் பலர் இதையே விரும்பினர். தஞ்சாவூர் மகாதேவ நட்டுவனார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சதிர்க் கச்சேரியில் கிளாரினெட்டைச் சேர்த்தார் என்பது இசை வரலாறு. நம் காலத்தில் திருச்சி ஏ.கே.சி. நடராஜன் இதைக் கர்நாடக இசைக் கச்சேரி மேடையில் தனி வாத்தியமாக நிறுத்தி, 2022இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். ஆகவே கீயை எண்ணினால் கருவி எந்த வகை என்று தெரியும். எந்த ஆண்டு என்று தெரியாது.

ஆண்டைச் சொல்ல வல்லது முத்திரை. மேல் துண்டிலும் கீழ்த் துண்டிலும் எழுத்துகள் பதிந்திருந்தன. ஆனால் தேய்ந்து போய், நேரே பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. எண்ணெய் தடவினால் பளிச்சென்று தெரியும் என்று எங்களில் ஒருவர் தேங்காய் எண்ணெயோடு வந்துவிட்டார். நல்ல வேளையாகத் தடுத்துவிட்டோம். இருட்டறையில் டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தாலே போதும், எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுகிறது. அப்படியும் தெரியாத எழுத்தின்மேல் சுண்ணக்கட்டித் தூளை மெதுவாகத் தடவித் துடைத்தால், பள்ளத்தில் மட்டும் வெள்ளை தங்கும். இப்படிப் படித்தபோது கிடைத்த வாசகம்: பூஸி அண்ட் கோ, 295 ரீஜண்ட் தெரு, லண்டன்.

இந்த ஒரு வரியில் இரண்டு எல்லைக்கற்கள் இருக்கின்றன. பூஸி கம்பெனி ரீஜண்ட் தெரு 295ஆம் எண் கட்டிடத்துக்குக் குடிபோனது 1874இல். அதற்கு முன் செய்த கருவியில் இந்த முகவரி இருக்க வழியில்லை. அதே பூஸி கம்பெனி, ஹாக்ஸ் அண்ட் சன் என்ற மற்றொரு லண்டன் கம்பெனியோடு 1930இல் இணைந்து பூஸி அண்ட் ஹாக்ஸ் ஆயிற்று. அதன்பின் செய்த கருவிகளில் இரு பெயரும் சேர்ந்தே வரும். ஆக, நம் கிளாரினெட் 1874க்கும் 1930க்கும் இடைப்பட்டது. 1860களில் கோவிலைக் கட்டிய சாமியார் இதைக் கப்பலில் கொண்டு வந்திருக்க முடியாது.

இங்கே ஒன்று சொல்லி வைக்கிறோம். பங்கு மக்கள் வேறு யார் வீட்டிலாவது தாத்தா காலத்துக் கிளாரினெட் இருந்தால், அதையும் இப்படியே பார்க்கலாம். பூஃபே கிராம்போன் என்றிருந்தால் அது 1825இல் தொடங்கிய பாரிஸ் கம்பெனி. எவெட் அண்ட் ஷேஃபர் என்ற பெயர் அதே கம்பெனிக்கு 1885 முதல் உரியது. சில கருவிகளில் செய்தவர் பெயரே இராது. விற்ற கடையின் பெயர் மட்டும் இருக்கும். அவற்றின் வயதைக் காண்பது கடினம். ஒரு கம்பெனியின் வரிசை எண்ணை மற்றொரு கம்பெனியின் எண்ணோடு ஒப்பிட்டு, "எண் சிறியது, ஆகவே பழையது" என்று கணக்குப் போடவும் கூடாது. மேல் துண்டு எண்ணும் கீழ்த் துண்டு எண்ணும் ஒன்றா என்று முதலில் பாருங்கள். நம் கருவியில் அவை ஒன்றே. ஆனால் அடியிலுள்ள புனல் வாய்த் துண்டில் முத்திரையே இல்லை. அது மரம், வேறொரு கருவியிலிருந்து வந்து சேர்ந்தது. ஊதுவாயோ அண்மைக் காலத்துப் பிளாஸ்டிக்.

அப்படியானால் மற்றத் துண்டுகள் மரம் இல்லையா? இல்லை. அட்டையில் கருங்காலி என்று எழுதியிருந்தாலும், வெயிலில் வைத்துப் பார்த்தபோது கறுப்பின் மேல் பாசி படர்ந்தாற்போல் பச்சையும் பழுப்பும் கலந்த ஒரு நிறம் தெரிந்தது. உள்ளங்கையால் சூடேறத் தேய்த்து முகர்ந்தால் கந்தக வாடை. இது எபோனைட், ரப்பரோடு கந்தகத்தை மிகுதியாகச் சேர்த்து நெடுநேரம் வேக வைத்து இறுக்கிய பொருள். குளிர் தேசத்தில் கடைந்த மரக் கிளாரினெட் நம் சித்திரை வெயிலிலும் ஐப்பசி ஈரத்திலும் மாறி மாறி இருந்தால் நீளவாட்டில் பிளந்துவிடும். அதனால் வெப்ப நாடுகளுக்குப் போகும் பட்டாளத்துப் பேண்டுகளுக்கு எபோனைட்டில் செய்த கருவிகளை விரும்பி வாங்கினார்கள். நம் வாத்தியத்தில் ஒரு கீறல்கூட இல்லாததன் காரணம் இதுவே.

பட்டாளம் என்றதும் எங்களுக்குக் கோவிலின் பழைய கணக்குப் புத்தகம் நினைவுக்கு வந்தது. முப்பதுகளின் தொடக்கத்துப் பக்கங்களைப் புரட்டினோம். செல்லரித்த ஒரு பக்கத்தில், திருவிழாச் செலவுகளுக்கு நடுவே, உபதேசியார் கையெழுத்தில் "பட்டாளத்துப் பழைய ஊது வாத்தியம் வாங்கிய வகையில்" என்று ஒரு வரி இருந்தது. கப்பலும் இல்லை, பிரெஞ்சு சாமியாரும் இல்லை. பாளையத்தில் கழித்துக் கட்டிய சாமான்.

இவ்வளவும் தெரிந்தபின் கட்டுரையை முடித்திருக்கலாம். ஆனால் நாங்கள் பார்த்தவற்றில் இரண்டு பொருள்கள் எங்கும் ஒட்டாமல் நின்றன. மேல் துண்டு பேரலுக்குள் புகும் இடத்தில், கார்க்கின்மேல் நூலை நெருக்கமாகச் சுற்றியிருந்தது, அந்த மூட்டை முழுதும் உள்ளே போக விடாமல். மேலும், விரல் துளைகள் பலவற்றின் மேல் விளிம்பில் மெழுகு அப்பியிருந்தது. அழுக்கு என்றெண்ணி, எங்களில் ஒருவர் ஊசியால் இரண்டு துளைகளைச் சுத்தமும் செய்துவிட்டார். அதற்காக வருந்துகிறோம். ஏனெனில் அது அழுக்கன்று.

இந்த வாத்தியத்தைக் கடைசியாக வாசித்தவர், நம்மில் ஐம்பது வயதைக் கடந்தவர்கள் எல்லாரும் "கிளாரினெட் தாத்தா" என்று அழைத்த பெரியவர். அவரைப் பற்றி நம் பங்கில் ஒரு பேச்சு உண்டு; மறைப்பதற்கில்லை. தேர்ப்பவனியில் பேண்டோடு வாசிக்கும்போது ஊரே மயங்கும், ஆனால் கோவிலுக்குள் ஆர்மோனியத்தோடு வாசித்தால் சுருதி சேராது. "தெருவில் சேருகிற சுருதி கோவிலில் ஏன் சேரவில்லை? தலைக்கனம்தான்" என்றார்கள். பாடகர் குழுவினர் பலமுறை முறையிட்டதன் பேரில், ஒரு கிறிஸ்துமஸ் இரவுப் பூசைக்குப் பிறகு அவரைக் கோவிலுக்குள் வாசிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதன்பின் தம் கடைசிக் காலம் வரை அவர் கோவில் வாசலுக்கு வெளியே மட்டுமே வாசித்தார்.

இப்போது அளவுகோலை எடுத்தோம். இன்றைய பி பிளாட் கிளாரினெட் ஒன்றை நம் பேண்டிலிருந்து வாங்கி, இரண்டையும் ஊதுவாய் இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். பழையது ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் குட்டை. துளைகளும் அதற்கேற்ப நெருங்கியிருந்தன. வேறு சுருதிக் கருவியோ என்று பார்த்தால், அரைக் கட்டை வித்தியாசத்துக்கு இந்த 2 சென்டிமீட்டர் போதாது.

விடை இங்கிலாந்தின் பட்டாள வரலாற்றில் இருக்கிறது. இன்று உலகெங்கும் 'ஏ' என்ற சுரத்துக்கு நொடிக்கு 440 அதிர்வு என்பது வழக்கம். 1939இல் லண்டனில் கூடிய மாநாட்டில் இசைந்தது இது. அதற்கு முன் நாட்டுக்கு நாடு ஒரு சுருதி. பிரான்சு 1859இலேயே 435 என்று சட்டம் செய்துவிட்டது. இங்கிலாந்தில் சுருதி ஏறிக்கொண்டே போய் 452ஐத் தொட்டது; இதை உயர் சுருதி என்பார்கள். லண்டன் பில்ஹார்மானிக் சங்கம் 1896இல் 439க்கு இறங்கி வந்தது. ஆனால் பட்டாளத்துப் பேண்டுகள் இறங்கவில்லை. ஒரு ரெஜிமெண்டின் வாத்தியங்கள் அத்தனையையும் மாற்றுவதென்றால் எத்தனை செலவு! 1920களின் கடைசியில்தான் அவை தாழ்ந்த சுருதிக்கு மாறின. இங்கிலாந்தின் பித்தளை வாத்தியக் குழுக்களோ 1960கள் வரை பழைய சுருதியை விடவில்லை. பட்டாளம் மாறியபோது, நன்றாக வாசிக்கக்கூடிய பழைய கருவிகள் ஒரே நாளில் உதவாதவை ஆயின. நம் கோவில் கணக்குப் புத்தகத்தின் அந்த வரி முப்பதுகளின் தொடக்கத்தில் வருவது தற்செயல் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

440க்கும் 452க்கும் இடையே உள்ள தூரம் நம் கணக்கில் கால் கட்டை. பேண்டிலிருந்த வாத்தியங்கள் எல்லாம் ஒரே பட்டாளத்துச் சரக்கு, எல்லாம் உயர் சுருதி. ஆகவே தெருவில் ஒன்றோடொன்று சேர்ந்தன. கோவிலுக்குள் இருப்பதோ கால் மிதி ஆர்மோனியம். அதைத் திறந்து பார்த்தோம். அலெக்சாண்டர், பாரிஸ் என்று பலகையில் எழுதியிருக்கிறது. சுருதி மானியில் வைத்துப் பார்த்தபோது முள் 435ஐ ஒட்டியே நின்றது. பிரெஞ்சு சாமியார் கப்பலில் கொண்டு வந்த பொருள் ஒன்று உண்டென்றால் அது இந்த ஆர்மோனியமாகவே இருக்க வேண்டும். காலப்போக்கில் அதன் கதை பக்கத்து அலமாரியிலிருந்த கிளாரினெட்டுக்கு மாறிவிட்டது போலும். 435க்கும் 452க்கும் இடையே கால் கட்டைக்கும் மேலே தூரம். உலகத்தின் எந்தக் கிளாரினெட் வித்துவானை அழைத்து வந்தாலும் இவ்விரண்டையும் சேர்க்க முடியாது.

அவர் முயன்றிருக்கிறார். பேரலை வெளியே இழுத்து அங்கேயே நிற்கும்படி நூல் சுற்றினால் குழல் நீளும், சுருதி இறங்கும். ஆனால் எல்லாச் சுரமும் ஒரே அளவு இறங்காது. மேலே உள்ள துளைகளின் சுரம் மிகுதியாகவும், கீழே உள்ளவற்றின் சுரம் கொஞ்சமாகவும் இறங்கும். அதைச் சரிக்கட்டத் துளைகளின் மேல் விளிம்பில் மெழுகு அப்பினால் அந்தந்தச் சுரம் தனித்தனியே இறங்கும். ஒவ்வொரு துளையிலும் வெவ்வேறு கனத்தில் மெழுகு இருக்கிறது. பீடத்து மெழுகுவர்த்தியின் மெழுகு அது. ஆர்மோனியத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு சுரமாக ஊதி ஊதிப் பார்த்து, காதை நம்பிச் செய்த வேலை. சுருதி ஞானம் இல்லாதவர் இதைச் செய்திருக்க இயலாது.

அவருடைய மகள் நம் பங்கில்தான் இருக்கிறார். வயது எண்பதை நெருங்குகிறது. நாங்கள் போய்ச் சொன்னோம். நெடுநேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, "ராத்திரியெல்லாம் விளக்கு வைத்துக்கொண்டு அதைத்தான் நோண்டிக்கொண்டிருப்பார். அம்மா திட்டும். 'வாத்தியத்தில் ஏதோ இருக்கு, எனக்குப் பிடிபடவில்லை' என்பார்" என்றார். பிறகு, "அந்த மெழுகை எடுக்காமல் வையுங்கள் தம்பி" என்றார். மீதி மெழுகு அப்படியே இருக்கிறது.

சரியான ஆண்டைக் காண இன்னும் ஒரு வழி உண்டு. பூஸி, ஹாக்ஸ் கம்பெனிகளின் வாத்தியச் சேகரிப்பும் தயாரிப்புப் பேரேடுகளும் 2004இல் லண்டனின் தென்பகுதியிலுள்ள ஹார்னிமன் அருங்காட்சியகத்துக்குச் சேர்ந்தன. நம் கருவியின் எண்ணையும் முத்திரையின் படத்தையும் அங்கு அனுப்பியிருக்கிறோம்.

கண்காட்சியில் கிளாரினெட்டை ஆர்மோனியத்தின் மேலேயே வைத்திருக்கிறோம். பழைய அட்டையை அகற்றவில்லை. எழுதியவர் கேட்டதை நம்பித்தான் எழுதினார். அதன் கீழே புதிய அட்டை ஒன்று வைத்துள்ளோம்: "எளிய முறைக் கிளாரினெட். எபோனைட். பூஸி அண்ட் கோ, லண்டன், 1874க்கும் 1930க்கும் இடையில் செய்தது. உயர் சுருதி. பட்டாளத்திலிருந்து வாங்கியது. துளைகளில் உள்ள மெழுகு கிளாரினெட் தாத்தா வைத்தது. தொட வேண்டாம்."

கொடியேற்ற நாள் முதல் திருவிழா முடியும் வரை, மாலைப் பூசைக்குப் பிறகு யாரும் வந்து பார்க்கலாம். அந்தக் காலத்துப் பேண்டுக் குழுவின் புகைப்படம் எவரிடமேனும் இருந்தால், மலர்க் குழுவிடம் காட்டினால் படி எடுத்துக்கொண்டு திருப்பித் தந்துவிடுவோம்.